பின்னாடி ஹாரன், முன்னாடி ஸ்கூல் பஸ்: நிக்கறதா, தாண்டறதா?

கேள்வி: லைசென்ஸ் எடுத்து இன்னும் ஒரு வருஷம் ஆகல சார். காலைல ஆபீஸ் போற வழியில தினமும் ஒரு ஸ்கூல் பஸ் பின்னாடி மாட்டிக்கறேன். போக ஒரு லேன், வர ஒரு லேன், நடுவுல டிவைடர் கிடையாது. பஸ் நாலு வீட்டுக்கு ஒரு தடவ நிக்குது, நான் பின்னாடி நின்னா எனக்கு பின்னாடி இருக்கறவங்க ஹாரன் அடிச்சே கொல்றாங்க. ஒரு நாள் பொறுக்க முடியாம மெதுவா ஓவர்டேக் பண்ணேன், பஸ்ஸுக்கு முன்னாடி இருந்து ஒரு பையன் சடார்னு வந்துட்டான். பிரேக் போட்டு நின்னுட்டேன், ஒண்ணும் ஆகல, ஆனா அன்னைக்கு பூரா கை நடுங்கிட்டே இருந்துச்சு. சில நேரம் பஸ் டிரைவரே கைய வெளிய நீட்டி போ போன்னு காட்டறாரு, அப்ப போகலாமா? எதிர்ல வர்ற பஸ் நின்னா நானும் நிக்கணுமா? அப்புறம் இந்த டிரைவர் சில நாள் இண்டிகேட்டரே போடாம ஓரங்கட்டறாரு, இத யார்கிட்ட சொல்றது?

பதில்: பிரேக் போட்டு நின்னீங்கள்ல, அது போதும். கை நடுங்குனதுக்கு வருத்தப்படாதீங்க, நடுங்காதவங்கள பாத்தாதான் எனக்கு பயம். நான் டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கறவன், அதுக்கு முன்னாடி ஸ்கூல் பஸ் டிரைவர்களுக்கு டிரெயினிங் குடுத்துட்டு இருந்தேன், அதனால இந்த பிரச்சினைய கார் சீட்டுல இருந்தும் பாத்திருக்கேன், பஸ் சீட்டுல இருந்தும் பாத்திருக்கேன். நீங்க மூணு நாலு கேள்வி கேட்டிருக்கீங்க ஆனா எல்லாத்துக்கும் அடியில இருக்கறது ஒண்ணுதான், பசங்கள ஏத்தி இறக்கிட்டு நிக்கற பஸ்ஸ எப்படி ஆபத்தில்லாம தாண்டறது? தாண்டாதீங்க, அந்த ஆசையவே விட்டுடுங்கன்னுதான் நான் சொல்வேன். சும்மா சொன்னா பெரிய மனுஷன் அட்வைஸ் மாதிரி இருக்கும், அதனால கணக்கு போட்டே காட்டறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

அன்னைக்கு ஸ்பீடோமீட்டர்ல என்ன இருந்துச்சுன்னு நீங்க எழுதல. இந்த மாதிரி சொல்றவங்கள கேட்டா முக்கால்வாசி பேரு "ஒரு 30 இருக்கும் சார்"னு சொல்வாங்க, 30ல போறது எல்லாருக்குமே மெதுவாதான் தோணும். பெரிய ஸ்கூல் பஸ் நீளம் 10ல இருந்து 12 மீட்டர். உங்க கார் முன்பக்கம் பஸ்ஸோட பின்பக்கத்த நெருங்கற நேரத்துல, பஸ்ஸுக்கு முன்னாடி இருந்து ஒரு குழந்த வெளிய வருதுன்னு வைங்க, உங்களுக்கும் குழந்தைக்கும் நடுவுல ஒரு 15 மீட்டர் இருக்கும். கண்ணுல பட்டு, ஐயோன்னு மூளைக்கு உறைச்சு, கால் போய் பிரேக்ல அழுந்தறதுக்கு சாதாரண ஆளுக்கு ஒண்ணரை செகண்டு ஆகும். 50ல போனீங்கன்னா அந்த ஒண்ணரை செகண்டுல வண்டி 21 மீட்டர் ஓடிடும், அதாவது பிரேக்க தொடறதுக்கு முன்னாடியே குழந்தைய தாண்டி போயிருப்பீங்க, வேகம் ஒரு துளி கூட குறையாம. 30ல போனீங்கன்னா யோசிக்கறதுக்குள்ள பன்னெண்டரை மீட்டர் போயிடும், பிரேக் புடிக்க மிச்சம் இருக்கறது ரெண்டரை மீட்டர், காஞ்ச ரோட்டுல 30ல இருந்து வண்டி முழுசா நிக்க 5 மீட்டர் வேணும், ஆக குழந்த மேல மோதறப்போ வண்டி இன்னும் 20 கிலோமீட்டர் வேகத்துல இருக்கும். அதே 20ல போனீங்கன்னா யோசனைக்கு எட்டரை, பிரேக்குக்கு ரெண்டு ரெண்டரை, மொத்தம் 11 மீட்டர்ல நின்னுடுவீங்க, குழந்தைக்கு முன்னாடி நாலு மீட்டர் மிச்சம் இருக்கும். இது காஞ்ச ரோடு, நல்ல டயரு, போன்ல கண்ணு இல்லாத டிரைவரு. மழை பேஞ்சிருந்தா இந்த கணக்கெல்லாம் மோசமாயிடும். அந்த 15 மீட்டர் கூட பஸ்ஸோட வாலுல இருக்கறப்போதான், நீங்க பஸ்ஸோட பாதி தூரத்துக்கு வந்துட்டீங்கன்னா அதுவும் 9, 10 மீட்டரா சுருங்கிடும், அப்ப 20 கூட காப்பாத்தாது, நடக்கற வேகம்தான் காப்பாத்தும்.

நியூசிலாந்துல இதையேதான் சட்டமா வெச்சிருக்காங்க, பசங்கள ஏத்தி இறக்க நிக்கற ஸ்கூல் பஸ்ஸ தாண்டணும்னா 20 கிலோமீட்டர் வேகம்தான், பின்னாடி வந்தாலும் சரி எதிர்ல வந்தாலும் சரி. தெற்கு ஆஸ்திரேலியாவுல 25. ஜெர்மனியில ஸ்டாப்ல நிக்கற பஸ் நாலு இண்டிகேட்டரையும் சேத்து போட்டுட்டு நின்னா நடக்கற வேகத்துல மட்டும்தான் தாண்டலாம், எதிர்ப்பக்க வண்டிக்கும் அதே ரூல், அந்த லைட்ட போட்டுக்கிட்டே பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டு இருந்தா ஓவர்டேக்கே பண்ணக்கூடாது. அமெரிக்கா கனடா பக்கம் இன்னும் கறார், சிவப்பு லைட் மின்னி பஸ்ஸோட பக்கவாட்டுல "ஸ்டாப்"னு எழுதுன பலகை வெளிய நீண்டுச்சுன்னா நின்னே ஆகணும், 5 கிலோமீட்டர் வேகத்துல கூட போகக்கூடாது. உங்க ரோடு மாதிரி ரெண்டு லேன் ரோடா இருந்தா எதிர்ல வர்றவங்களும் நிக்கணும். நடுவுல டிவைடர் இருந்தா பெரும்பாலான மாநிலங்கள்ல எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு உண்டு. கனடாவுல ஆன்டாரியோ மாகாணத்துல பின்னாடி வர்ற வண்டி 20 மீட்டர் தள்ளி நிக்கணும்னு தூரத்தையும் சேத்தே சொல்லிட்டாங்க. பிரிட்டன்ல கட்டாயமா நிக்கணும்னு இல்ல, ஸ்கூல் பஸ் போர்டு போட்டு நிக்கற வண்டிய ரொம்ப ஜாக்கிரதையா மெதுவா தாண்டுங்கன்னு இருக்கு. நீங்க எந்த ஊர்ல ஓட்டறீங்கன்னு எழுதல, உங்க ஊர் ரூல் என்னன்னு ஒரு தடவ தேடி படிச்சுக்கோங்க. ஆனா ரூல் நிக்க சொல்லலைனாலும் மேல போட்ட கணக்கு எந்த ஊர்லயும் மாறாது, பிரேக்குக்கு பாஸ்போர்ட் கிடையாது. எதிர்ல பஸ் நின்னா நிக்கணுமான்னு கேட்டீங்கள்ல, டிவைடர் இல்லாத ரெண்டு லேன் ரோட்டுல நில்லுங்க. பஸ்ஸுல இருந்து இறங்குற பசங்கள்ல பாதி பேர் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும், அதாவது உங்க லேனுக்குள்ளதான் வந்து விழுவாங்க.

குழந்தைங்க ஏன் அப்படி பாக்காம ஓடி வருதுன்னு பெரியவங்க திட்டுவாங்க. பாக்காம வருதுங்கறது பாதி உண்மதான், பாத்தாலும் அதுங்களுக்கு தெரியாது. லண்டன் பல்கலைக்கழகத்த சேந்த ராயல் ஹாலோவே காலேஜ் ஆராய்ச்சிக்காரங்க ஸ்கூல் பசங்கள வெச்சு பண்ண சோதன 2011ல வெளியாச்சு, மணிக்கு 20 மைலுக்கு மேல, அதாவது சுமாரா 32 கிலோமீட்டருக்கு மேல வர்ற வண்டி கிட்ட வந்துட்டு இருக்குங்கறதயே சின்ன பசங்களால சரியா கண்டுபிடிக்க முடியலன்னு வந்துச்சு. நமக்கு ஒரு கார் வர்ற வேகம் பாத்த உடனே புரிஞ்சிடும், ஆறு வயசு குழந்த கண்ணுக்கு அந்த கார் அங்கேயே நிக்கற மாதிரி கூட தெரியலாம். இதோட அந்தப் பக்கம் அம்மாவோ தாத்தாவோ நின்னு கைய ஆட்டிட்டு இருப்பாங்க, அந்த நிமிஷத்துல குழந்தைக்கு உலகத்துல வேற எதுவும் கிடையாது, ரோடும் கிடையாது நீங்களும் கிடையாது. (பெத்தவங்க யாராவது இத படிச்சா தயவு செஞ்சு பஸ் கதவு திறக்கற பக்கத்துலயே போய் நில்லுங்க, நீங்க ரோட்ட தாண்டி போய் கூட்டிட்டு வாங்க, குழந்தைய தாண்ட வெக்காதீங்க.)

அடுத்தது பஸ் டிரைவர் கை காட்டற விஷயம். இதுக்கு நான் டிரெயினிங்ல பண்ணிட்டு இருந்த ஒண்ண சொல்றேன். ஒருத்தர டிரைவர் சீட்டுல உக்கார வெச்சு, பஸ்ஸோட முன் பம்பர ஒட்டி ஒரு ஆரஞ்சு கோன் வெப்பேன், ஆறு வயசு பையன் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். தெரியுதான்னு கேட்டா தெரியலன்னு சொல்வாங்க. ஒரு அடி தள்ளி வெப்பேன், தெரியல. இன்னொரு அடி, சீட்ல இருந்து எக்கி பாப்பாங்க, தெரியல. கோன்னோட நுனி கண்ணாடிக்கு கீழ எட்டி பாக்கறதுக்குள்ள ஆளுக்கு முகம் மாறிடும், ஏன்னா அத்தன வருஷமா அந்த இடத்துல யாரும் இல்லன்னு நம்பி வண்டிய எடுத்துட்டு இருந்திருப்பாங்க. மூக்கு நீண்ட பஸ்ஸுல இந்த மறைவு இன்னும் ஜாஸ்தி. அதனாலதான் முன்னாடி பெரிய முட்டக்கண்ணு கண்ணாடிங்க வெச்சிருக்காங்க, சில பஸ்ஸுல முன் பம்பர்ல இருந்து கதவு மாதிரி திறக்கற நீள கம்பி ஒண்ணு இருக்கும் பாருங்க, பசங்க பம்பர ஒட்டி நடக்காம தள்ளி நடக்கணும்னுதான் அது, தள்ளி நடந்தாதான் டிரைவர் கண்ணுல படுவாங்க. அமெரிக்காவுல பஸ்ஸ சுத்தி 10 அடிய, அதாவது 3 மீட்டர, ஆபத்தான வட்டம்னே சொல்லிக்குடுப்பாங்க.

அப்ப அவர் உங்களுக்கு கை காட்டறாருன்னா அதுக்கு அர்த்தம் என்ன, எதிர்ல வண்டி வரல, இன்னும் நேரமாகும், போறதுன்னா போங்கங்கறதுதான். நல்ல மனசுல தான் பண்றாரு. ஆனா அவருக்கு அந்த நேரத்துல உள்ள கத்தற பசங்க, எண்ணிக்கை, ஏறாம நிக்கற ஒண்ணு, இறங்க மாட்டேன்னு அழுவுற ஒண்ணுன்னு ஆயிரம் வேலை, பம்பருக்கு கீழ ஷூ லேஸ் கட்டிட்டு உக்காந்திருக்கற பையன் அவருக்கே தெரியாம இருக்கலாம். சிவப்பு லைட்டுக்கு நிக்கற சட்டம் இருக்கற ஊருன்னா லைட் அணையற வரைக்கும் நகராதீங்க. அந்த சட்டம் இல்லாத ஊருன்னா, அவர் கைய ஒரு தகவலா எடுத்துக்கோங்க, முடிவ நீங்க எடுங்க. பஸ்ஸுக்கு முன்னாடி இருக்கற தரை உங்க கண்ணுக்கு தெரியற வரைக்கும் நடக்கற வேகம், கால் பிரேக் மேல, பஸ்ஸுக்கும் உங்களுக்கும் நடுவுல எவ்ளோ இடம் விட முடியுமோ அவ்ளோ. இடமே இல்லன்னா போகவே வேண்டாம், சிரிச்சுட்டு தலைய ஆட்டிட்டு நின்னுடுங்க, அவர் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டாரு.

இதே மாதிரி நீங்களும் பசங்களுக்கு கை காட்டாதீங்க. நல்ல டிரைவர்னு பேரு வாங்கறவங்க நெறைய பேரு பண்ற வேல இது, நின்னுட்டு "வா வா, தாண்டிக்கோ"ன்னு கைய காட்டுவாங்க. நீங்க நின்னுட்டீங்க, பக்கத்துல வர்ற பைக்குக்காரன் நிக்கப்போறான்னு யாரு சொன்னா? பெரியவங்க கை காட்டினா குழந்த வேற எதையும் பாக்காது, நேரா ஓடிடும். நில்லுங்க, அவ்ளோதான், தாண்டறது எப்பன்னு குழந்தைய கூட்டிட்டு போறவங்க பாத்துப்பாங்க. ஹாரனும் அப்படித்தான், குழந்தைய பாத்து ஹாரன் அடிச்சா அது ஓடாது, நடு ரோட்டுலயே திகைச்சு நின்னுடும், இல்ல வந்த வழியே திரும்பி ஓடும், ரெண்டுமே உங்க பம்பருக்கு நேராதான்.

பஸ்ஸ பாத்தா எல்லாருக்கும் தெரியுமே, மஞ்சளா இவ்ளோ பெருசா இருக்கேன்னு நினைப்போம். அந்த மஞ்சள் கலர் 1939ல நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஃபிராங்க் சைர்னு ஒரு பேராசிரியர் கூட்டுன கூட்டத்துல முடிவானது, அரைகுறை வெளிச்சத்துல அந்த மஞ்சள் மேல கருப்பு எழுத்து நல்லா தெரியுதுன்னுதான் எடுத்தாங்க. அப்படி இருந்தும் என்ன ஆச்சுன்னு பாருங்க, 2018 அக்டோபர் 30, அமெரிக்காவுல இந்தியானா மாநிலம் ராச்செஸ்டர் கிட்ட, இன்னும் விடியாத இருட்டு நேரம், ரெண்டு லேன் ரோடு, பஸ் சிவப்பு லைட்ட போட்டு ஸ்டாப் பலகைய நீட்டி நிக்குது, எதிர்ல வந்த ஒரு பிக்கப் வண்டி நிக்காம போயி ரோட்ட தாண்டிட்டு இருந்த பசங்க மேல மோதிடுச்சு. ஒரே வீட்டு பசங்க மூணு பேரு செத்துட்டாங்க, ஒன்பது வயசு அக்காவும் ஆறு வயசு இரட்டை தம்பிகளும். ஓட்டுனவங்க போலீஸ்கிட்ட சொன்னது, லைட் மின்னறத பாத்தேன், ஆனா அது ஸ்கூல் பஸ்னு எனக்கு பிடிபடல, பசங்க முன்னாடி வந்தப்புறம்தான் தெரிஞ்சுதுன்னு. எனக்கு இத படிச்சதுல இருந்து மனசுல நிக்கறது அதுதான், லைட்ட பாத்திருக்காங்க, வேகத்த குறைக்கல. இருட்டுல, எதிர் வெயில்ல, மழையில முன்னாடி என்னமோ மின்னுதுன்னா அது என்னன்னு தெரிஞ்சப்புறம் பிரேக் போடலாம்னு இருக்காதீங்க, மொதல்ல காலு ஆக்சிலேட்டர விட்டு வரட்டும், என்னன்னு அப்புறம் யோசிச்சுக்கலாம். காலைலயும் சாயங்காலமும் ஸ்கூல் டைம்ல சூரியன் நேரா கண்ணுக்குள்ளதான் அடிக்கும், முன் கண்ணாடி உள்பக்கமும் தொடச்சு வைங்க, வெளிய பளபளன்னு இருக்கும் உள்ள ஒரு படலமே இருக்கும், வெயில் பட்டா எதுவும் தெரியாது.

அமெரிக்கா மாதிரி லைட் இருக்கற பஸ்ஸுல சிவப்புக்கு முன்னாடி ஆரஞ்சு மின்னும், நிக்கப்போறேன்னு அர்த்தம். அத பாத்து ஆக்சிலேட்டர மிதிச்சு தாண்டிடலாம்னு பாக்கறவங்க உலகம் பூரா இருக்காங்க. அங்க 2023ல பஸ் டிரைவர்கள வெச்சு எடுத்த கணக்குல ஒரு கல்வி ஆண்டுல 4 கோடி தடவைக்கும் மேல வண்டிங்க நிக்கற பஸ்ஸ சட்டத்த மீறி தாண்டுதுன்னு வந்துச்சு, அவ்ளோ அபராதம் போட்டும். ஸ்கூல் பஸ் சம்பந்தப்பட்ட விபத்துல பசங்க சாவறதும் அங்க பஸ்ஸுக்குள்ள இருக்கறப்போ கம்மி, வெளிய நடந்துட்டு இருக்கறப்போதான் ஜாஸ்தி. பஸ்ஸுக்குள்ள ஏறி உக்காந்துட்டா அது பெரிய இரும்பு பெட்டி, ஏறறதும் இறங்கறதும்தான் கண்டம்.

சரி, உங்க பின்னாடி ஹாரன் அடிக்கிறவருக்கு வருவோம், உண்மைய சொன்னா உங்க பிரச்சினை பஸ் கிடையாது, அவருதான். அவருக்கு உங்க கார் மட்டும்தான் தெரியும், அதுக்கு முன்னாடி பஸ் நிக்கறதே தெரியாம இருக்கலாம், சும்மா நடு ரோட்டுல எதுக்கோ நிறுத்தி வெச்சிருக்கீங்கன்னு நினைச்சுட்டு இருப்பாரு. அதனால முன்கூட்டியே சொல்லிடுங்க. பஸ் வேகம் குறையுதுன்னு தெரிஞ்ச உடனே பிரேக்க லேசா ரெண்டு மூணு தடவ தொட்டு விடுங்க, பின் லைட் எரிஞ்சு அணைஞ்சா அவரும் தயாராயிடுவாரு, நின்னப்புறம் ஹஸார்ட் லைட் (நாலு இண்டிகேட்டரும் சேந்து மின்னறது) போடற பழக்கம் உங்க ஊர்ல இருந்தா போடுங்க. அப்புறமும் அடிச்சா அடிக்கட்டும். ஹாரன் சத்தத்துல யாருக்கும் அடிபட்டதில்ல. ஒரு ஸ்டாப்புக்கு பஸ் அரை நிமிஷம் நிக்குதுன்னு வைங்க, ஆறு ஸ்டாப்புன்னா மொத்தம் மூணு நிமிஷம், அந்த மூணு நிமிஷத்துக்காக நீங்க ஏதாவது பண்ணி கோர்ட்டுக்கு போறப்போ பின்னாடி ஹாரன் அடிச்சவரு கூட வர மாட்டாரு. அவரு உங்களையும் தாண்டி பஸ்ஸையும் தாண்டி போயிட்டா போகட்டும், அவர் பின்னாடியே நீங்களும் ஒட்டிக்கிட்டு போகாதீங்க. மொத வண்டி போனதால வழி காலின்னு அர்த்தம் இல்ல, அந்த மொத வண்டிக்காக காத்துட்டு இருந்த குழந்த ரெண்டாவது வண்டிக்கு நேரா இறங்கும்.

எங்க நிக்கறீங்கங்கறதும் முக்கியம், புதுசா ஓட்டறவங்க பஸ்ஸோட பின்பக்கத்த முட்டற மாதிரி போய் நிப்பாங்க. அவ்ளோ கிட்ட நின்னா உங்களுக்கு தெரியறது பஸ்ஸோட பின் கதவும் ஸ்கூல் பேரும் மட்டும்தான். ரெண்டு கார் நீளமாவது விட்டு நில்லுங்க, ரெண்டு பக்கமும் ரோடு தெரியும், பஸ்ஸோட அடியில கூட தெரியும், சின்ன காலு ரெண்டு அங்க நடக்குதான்னு பாக்க முடியும். ஓடிட்டு இருக்கறப்போ நாலு செகண்டு இடைவெளி, பஸ்ஸு ஒரு கம்பத்த தாண்டறப்போ எண்ண ஆரம்பிச்சு நீங்க அதே கம்பத்துக்கு வர்றப்போ நாலு ஆகியிருக்கணும். நீங்க சொல்ற மாதிரி இண்டிகேட்டர் போடாம ஓரங்கட்டற டிரைவர்கிட்ட உங்கள காப்பாத்தறதும் இந்த இடைவெளிதான், அவரோட பிரேக் லைட்டே உங்களுக்கு இண்டிகேட்டர் ஆயிடும்.

திருப்பத்துல பஸ் பக்கத்துல போய் நிக்காதீங்க. பஸ்ஸுல பின் சக்கரத்துக்கு பின்னாடியும் நெறைய உடம்பு இருக்கு, மூக்கு ஒரு பக்கம் திரும்பறப்போ வாலு எதிர்ப்பக்கம் வெளிய வீசும், ரெண்டு மூணு அடி கூட வரும், கார் கண்ணாடி போயிடும், பைக்குன்னா ஆளே போயிடுவாரு. அதே மாதிரி பஸ் நிக்கறப்போ கதவு இருக்கற பக்கத்து சந்துல பைக்க நுழைக்கறவங்க, அவங்களுக்கு சொல்ல என்கிட்ட நல்ல வார்த்தையே இல்ல, இறங்குற குழந்தையோட மொத காலடி அங்கதான் படும்.

பஸ் கிளம்பிடுச்சு, லைட் அணைஞ்சிடுச்சு, உடனே கிளட்ச விட்டு பாயாதீங்க. ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, இறங்குன பசங்க எல்லாம் ரோட்ட விட்டு போயிட்டாங்களா, எத்தன பேர் இறங்குனாங்கன்னு எண்ணி வெச்சிருந்தா சுலபம், மூணு இறங்குச்சு ரெண்டுதான் நடைபாதையில இருக்குன்னா மூணாவது எங்க? கையில இருந்த டிராயிங் பேப்பர் பறந்து பஸ்ஸுக்கு அடியில போயிருக்கும், எடுக்க குனிஞ்சிருக்கும். ரெண்டாவது, பஸ்ஸ விட்ட பையன். இவன்தான் ரொம்ப ஆபத்து, பேகு ஒரு பக்கம் தண்ணி பாட்டில் ஒரு பக்கம் ஆட, கிளம்பற பஸ்ஸ மட்டுமே பாத்துட்டு சந்துக்குள்ள இருந்து ஓடி வருவான், உங்க காரெல்லாம் அவன் கணக்குலயே இருக்காது. பஸ் போனப்புறம் அஞ்சு செகண்டுல வருவான் இவன், அதனால அந்த அஞ்சு செகண்டையும் பஸ் கூடவே சேத்துக்கோங்க.

இவ்ளோ சொல்லிட்டு கடைசியா சொல்றேன்னு கோச்சுக்காதீங்க, உங்களுக்கு நான் குடுக்கற மொத மருந்தே வேற. ஸ்கூல் பஸ் மாதிரி நேரம் தவறாத வண்டி ரோட்டுல கம்மி, தினம் அதே நேரம் அதே இடம். நீங்க வீட்ட விட்டு பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பி பாருங்க, அந்த பஸ்ஸ நீங்க பாக்கவே மாட்டீங்க. முன்னாடி முடியலன்னா பத்து நிமிஷம் லேட்டா. ரெண்டும் முடியலன்னா ஒரு தெரு சுத்தி போற வழி இருக்கான்னு லீவு நாள்ல ஓட்டி பாருங்க, ஆனா அந்த தெரு ஸ்கூல் வாசலுக்கே போய் முடியாம பாத்துக்கோங்க, அங்க போனா ஒரு பஸ்ஸுக்கு பதிலா இருபது பஸ்.

இண்டிகேட்டர் போடாத டிரைவர பத்தி. கண்டிப்பா சொல்லுங்க, ஆனா ஸ்டாப்ல இறங்கி போய் அவர்கிட்ட சண்ட போடாதீங்க, பசங்க முன்னாடி அவர டென்ஷன் பண்ணா அடுத்த ஸ்டாப் வரைக்கும் அந்த டென்ஷன்லதான் ஓட்டுவாரு. பஸ் நம்பர், ரூட் நம்பர் இருந்தா அதுவும், தேதி, நேரம், எந்த இடம், என்ன பண்ணாருன்னு எழுதிக்கோங்க, ஓட்டிட்டே எழுதாதீங்க, ஆபீஸ் பார்க்கிங்ல போய் எழுதுங்க. டேஷ்கேம் இருந்தா அந்த கிளிப்ப எடுத்து வைங்க, குரூப்ல எல்லாம் போடாதீங்க, பசங்க முகம் இருக்கும். ஸ்கூல்ல டிரான்ஸ்போர்ட் பாத்துக்கறவர் ஒருத்தர் இருப்பாரு, அவருக்கு எழுத்துல அனுப்புங்க. ஒரு தடவ நடந்தத விட "இந்த இடத்துல இத்தன தடவ"ன்னு எழுதுனா உடனே பாப்பாங்க. பல்ப் போயிருக்கலாம்னும் ஒரு வரி சேத்துக்கோங்க, நான் பாத்த வரைக்கும் இண்டிகேட்டர் போடலன்னு வந்த புகார்ல பாதி, டிரைவர் போட்டிருப்பாரு, லைட்தான் எரிஞ்சிருக்காது. பதில் வரலன்னா, திரும்பவும் அதே மாதிரி நடந்துச்சுன்னா, அதே விவரத்தோட உங்க ஊர் போக்குவரத்து ஆபீசுக்கு எழுதுங்க.